ஆணி போடாத பெட்டி

காற்று மாறியதும் குருநகரிலிருந்து மருதங்கேணிக் கரைக்கு மீன்பிடிக் குடிலான வாடியை மாற்றுவது எமில்ராஜ் வீட்டு வழக்கம். டிரக்டரை அவன் ஓட்டினான். பின்னால் டிரக்டர் இழுக்கும் பெட்டியில், வலைக் குவியலின் மேல், பிள்ளைத்தாச்சியான மனைவி நிஷானி இருந்தாள்.

கொடிகாமத்துக்கு அப்பால், ஆளில்லாத தென்னந்தோட்டத்து வீதியில் இளைப்பாற எஞ்சினை நிறுத்தி இறங்கியபோதுதான் அவன் கவனித்தான். டிரக்டரையும் பெட்டியையும் இணைக்கும் ஆணி அங்கே இல்லை. காலையில் கிறீஸ் பூசக் கழற்றியவன், அதை இருக்கைக்குக் கீழே வைத்ததோடு மறந்துவிட்டான். சங்கிலியும் மாட்டவில்லை. பெட்டிக்கு இரண்டே சில்லுகள். அப்படியிருந்தும் அதன் முன்தண்டு நிலத்தில் சாயாமல், டிரக்டருக்கு ஒரு முழம் பின்னால், எதையும் தொடாமல் நேராக நின்றது.

“நிஷானி, ஆடாமல் மெல்ல இறங்கும்.”

“முட்டைக்கூடை இறக்கிற மாதிரியெல்லோ சொல்லுறியள்!” சிரித்தபடி இறங்கினாள். பெட்டி சாயவில்லை.

கால் மரத்துவிட்டதென்று அவள் நிழல் பக்கம் நடந்தாள். பெட்டியும் திரும்பி அவள் பின்னால் ஓசையில்லாமல் உருண்டது. அவள் நின்றதும் நின்றது.

“அங்காலை போகாதையும்! முன்னுக்கு வந்து என்னோடை இரும்.”

அவள் டிரக்டரை நோக்கி வந்தாள். பெட்டியும் வந்தது. முன்தண்டு தானாகவே கொக்கிக்குள் நுழைந்து, துளைகள் நேருக்கு நேர் பொருந்தின. எமில்ராஜ் ஆணியை இறக்கி, சங்கிலியையும் மாட்டினான்.

“என்ன, பொம்பிளை பாக்க வந்தவர் மாதிரி முழிக்கிறியள்?”

“ஒண்டுமில்லை. ஏறும்.”

அவள் பக்கத்தில் ஏறி இருந்தாள். டிரக்டர் மெல்ல முன்னால் நகர்ந்தது. அவன் இன்னும் சாவியைத் திருப்பவில்லை.