ஒரு நடை மட்டும் ஓடிய வண்டி

கிணறு வெட்டுவதற்கென்று வாங்கிய ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி, கழுவித் துடைத்து விற்பனைக்கு நின்றது. அது ஓடியது ஒரே ஒரு நடைதான். மண் சரிந்து செத்தவனைச் சுமந்துகொண்டு வந்த நடை.

"வாங்க வர்றவனும் கிணறுதான் வெட்டப் போறான். வாயைத் திறந்து நடந்ததைச் சொல்லிடு," என்றது பக்கத்தில் கிடந்த கடப்பாரை.

"சொன்னா எவன் வாங்குவான்? உன்கூடக் கிடந்து துருப்பிடிச்சுச் சாகவா?" என்று சீறியது வண்டி.

வந்தவன் தள்ளிப் பார்த்தான். வண்டி மூச்சே விடவில்லை.

"சத்தமே இல்லாம ஓடுதே!" என்று மகிழ்ந்து வாங்கிப் போனான்.

மறுநாள் அவன் வெட்டும் குழியோரம் வண்டி நின்றது. அதே பொலபொலக்கும் மணல். "இறங்காதேடா!" என்று அலறியது வண்டி.

அவனுக்குக் கேட்டது 'கிரீச்' மட்டும்தான்.

"ஏறி வந்ததும் இதுக்கு எண்ணெய் விடணும்," என்றபடி இறங்கினான்.