இன்னும் அடுக்கு கட்டவில்லை

தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற ஜெனிட்டா, யோனிப்பாதை இல்லாமல் பிறந்தவள். அவளுடைய செல்களிலிருந்தே அதை மருத்துவமனை ஆய்வகத்தில் வளர்த்துக்கொண்டிருந்தார்கள். கல்யாணத்துக்கு முன்பே பொருத்திவிட வேண்டுமென்று அம்மா ரோஸ்லின் துடித்தாள்.

"செல் நல்லா பெருகியிருக்கு. ஆனா இன்னும் அடுக்கு கட்டல," என்றார் டாக்டர் தில்ஷாத். "இப்பதான் வைட்டமின் டி கொடுத்திருக்கோம். அதுல செல்லெல்லாம் முதிர்ந்து, அடுக்கடுக்கா உறுதியாகணும். இப்பவே வச்சா கிழிஞ்சிடும்."

"தேதி குறிச்சாச்சே டாக்டர்! இருக்கதை வச்சு விடுங்க," என்று ரோஸ்லின் கெஞ்சினாள்.

"கிழிஞ்சா வலிக்கப்போறது எனக்குத்தாம்மா," என்ற ஜெனிட்டா, அங்கிருந்தே மாப்பிள்ளை கிளாட்வினுக்குப் போன் போட்டு, அதுவரை மறைத்திருந்த எல்லாவற்றையும் சொன்னாள். கல்யாணத்தைத் தள்ளிவைக்கக் கேட்டாள்.

மறுநாளே அவன் வீட்டார் நிச்சயத்தை முறித்தார்கள். ரோஸ்லின் மகளோடு பேசுவதை நிறுத்தினாள். ஜெனிட்டா குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள்.

இரண்டு மாதம் கழித்து, திசு முதிர்ந்துவிட்டதென்று வீட்டுக்கு அழைப்பு வந்தது. ஜெனிட்டா தனியாகவே மருத்துவமனைக்குப் போனாள்.

"கல்யாணம் நின்னுபோச்சாமே," என்று டாக்டர் தயங்கினார். "பத்திரப்படுத்தி வைக்கலாம். அடுத்த வரன் வரும்போது செஞ்சுக்கிறியா?"

"வரனுக்கா வளர்த்தோம்? எனக்குத்தானே டாக்டர்," என்றாள் ஜெனிட்டா. "நாளைக்கே வைங்க."

சொல்லிவிட்டு வெளியே வந்தாள். மாற்றுத்துணிப் பையோடு ரோஸ்லின் நின்றிருந்தாள்.

"துணைக்கு ஆள் வேணும்லா, ஏட்டி," என்றாள்.