மீன் சூப்பில் உப்பில்லை

ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பிய இங்குன், ஸ்வெர்ரே வைத்துக் கொடுத்த மீன் சூப்பைச் சுவைத்து முகம் சுளித்தாள்.

"உப்பே இல்லையே."

"டாக்டர் குறைக்கச் சொல்லியிருக்கார். பேசாம குடி."

"கல்யாணமான புதுசுல தீவுக்குப் போனோமே, ஞாபகமிருக்கா? கூடாரத்தை எடுத்துக்கிட்டு, கம்பியை வீட்லயே மறந்துட்டு வந்தே."

"மழையில படகைக் கவுத்துப் போட்டு அடியில படுத்தோம். நீ விடிய விடியப் பாடினே."

"பாடலை. குளிர்ல பல்லு தந்தியடிச்சுது."

இருவரும் சிரித்தார்கள். இங்குனுக்குத் தையல் இழுத்தது. வெளியே பெர்கன் நகரத்து மழை பெய்துகொண்டிருந்தது.

அழைப்பு மணி அடித்தது. ஸ்வெர்ரே கதவைத் திறந்ததும், இடுப்பைப் பிடித்தபடி ஒரு பெண் மெல்ல நடந்து வந்தாள். இங்குன் பதறிவிட்டாள்.

"எதுக்குப் படியேறினே, துரீத்? உனக்கே இன்னும் தையல் ஆறலை."

"என் புருஷனைக் கூட்டிட்டுப் போக வந்தேன்" என்றாள் துரீத். "அப்படியே, நான் கொடுத்த கிட்னி உனக்குள்ள ஒழுங்கா வேலை செய்யுதான்னு பார்க்கலாம்னுதான்."

இங்குன் நகர்ந்து அவளுக்கு இடம் கொடுத்தாள். அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"இவனை விவாகரத்து பண்ணினதுக்கு இத்தனை வருஷமா வருத்தப்பட்டேன், துரீத். பண்ணாம இருந்திருந்தா, நீ எனக்குக் கிடைச்சிருக்கவே மாட்டே."