முன் சக்கரத்துச் சத்தம்

"எங்க அப்பா வாங்கின கார்ய்யா இது. தகர டப்பா மாதிரி கடகடன்னா எனக்கு எப்படி இருக்கும்?" என்றேன்.

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். "ஐயா, முன்பக்கம் புஷ், பால் ஜாயிண்ட் எல்லாம் மாத்திட்டேன். நானே ஓட்டிப் பார்த்தேன். பூனை மாதிரி போச்சு."

"உனக்குப் பூனை, எனக்கு மட்டும் டப்பாவா?"

இது மூன்றாவது தடவை. ஒவ்வொரு ரிப்பேருக்குப் பிறகும் சத்தம் கூடிக்கொண்டே போனது. மறுநாள் சம்பந்தி ரயிலில் வருகிறார். போன முறையே, "இதை எடைக்குப் போட்டுடலாமே" என்று சிரித்த மனிதர். அவர் முன்னால் மானம் போகலாமா?

காரில் உள்ள எங்கள் பொருள்களை வீட்டில் இறக்கி வைத்த பிறகே நான் தெருமுனைப் பட்டறையில் சாவியைக் கொடுப்பேன். அன்றும் அப்படித்தான். மெக்கானிக் லிங்க் ராடையும் மாற்றி ஓட்டிக் காட்டினார். சத்தமே இல்லை. நிமிர்ந்த தலையோடு வீடு திரும்பி, பொருள்களை எல்லாம் மறுபடி காரில் ஏற்றினேன்.

மறுநாள் சம்பந்தி முன் சீட்டில் உட்கார்ந்தார். முதல் வேகத்தடையிலேயே கடகடகட!

"காலுல என்னமோ இடிக்குதே" என்று குனிந்தவர், சீட்டுக்கு அடியிலிருந்து கனமான சாக்குப் பையை இழுத்தார். "என்ன சம்பந்தி இது?"

"இந்தக் கார்ல இதுவரைக்கும் கழட்டின சாமான். எங்க அப்பா கார் சாமான் ஒண்ணுகூட பழைய இரும்புக் கடைக்குப் போகக் கூடாது" என்றேன் கம்பீரமாக.

அவர் பையை மடியில் வைத்துக்கொண்டார். அடுத்த வேகத்தடை வந்தது. சத்தம் இல்லை.

"ரெண்டு கார் வச்சிருக்கீங்கன்னு சொல்லவே இல்லையே சம்பந்தி! ஒண்ணுல நான் வரேன், இன்னொண்ணு என் மடியில வருது."