ஆறாவது கட்டம்

"என்னைத் தீர்த்துக்கட்ட பிளான் போட்டுக்கினு இருக்கீங்களா?"

ராஜவேலு போட்ட கூச்சலில் திண்டிவனத்தின் அந்தத் தெருவே, குழம்பை அடுப்பில் விட்டுவிட்டுச் சன்னலுக்கு வந்தது. மகள் ஆர்த்தி வாடகை நூலகத்திலிருந்து கொண்டுவந்த புத்தகத்தில் யாரோ பென்சிலால் எழுதியிருந்தார்கள்: 'ஆறில் ராஜா நகர்ந்தால் ராணியைத் தூக்கிவிடலாம். குதிரை தயார்.' ஊரில் அவருக்கு ராஜா என்றுதான் பெயர்.

"அது செஸ் புக்குப்பா! ஆறுன்னா ஆறாவது கட்டம்."

"போன வாரம் கிரிக்கெட்டு, அதுக்கு முந்தி பாட்டு புக்கு. இனிமே அந்த லைப்ரரி பக்கம் போனே, காலை ஒடிச்சிடுவேன்!"

"அப்படிச் சொல்லுங்க," என்று மனைவி கிருஷ்ணவேணி ஒத்து ஊதினாள். "ஜல்தி நீங்களே போயி அவன் மூஞ்சியில கடாசிட்டு வாங்க." உள்ளே போய்ப் புத்தகத்தைப் பையில் போட்டும் கொடுத்தாள்.

நூலகம் நடத்தும் அரிபிரசாத் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "ரொம்ப தேங்க்ஸ் சார்," என்றான். அந்தப் பணிவே ராஜவேலுவின் சந்தேகத்தைக் கிளப்பியது. அன்றிலிருந்து காப்பியைக்கூட மோந்து பார்த்துத்தான் குடித்தார்.

ஆறாம் தேதி காலையில் கிருஷ்ணவேணி, "எனக்கென்னவோ பயமா கீதுங்க. இன்னிக்கு மட்டும் விழுப்புரத்துல உங்க தங்கச்சி வீட்ல இருந்துட்டு வாங்களேன்," என்றாள். உயிர்மேல் ஆசை; போனார்.

சாயங்காலம் உயிரோடு திரும்பினார். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே போனில் போட்டோ வந்தது: பெருமுக்கல் மலைக்கோயிலில் ஆர்த்தியும் அரிபிரசாத்தும் மாலையும் கழுத்துமாக.

வீட்டு மேசைமேல், மாப்பிள்ளை திருப்பி அனுப்பிய அதே புத்தகம். பென்சில் வரிக்குக் கீழே, அவரே சுமந்துபோய்க் கொடுத்த பதில்: 'ராஜாவை நகர்த்துவது என் பொறுப்பு.' கிருஷ்ணவேணியின் கையெழுத்து.

ஜோடி இப்போது கோட்டக்குப்பத்தில் குடித்தனம். ராஜவேலு இன்னமும் காப்பியை மோந்துதான் குடிக்கிறார்.