கடைசி ஆள்

"கடைசி ஆள் இன்னும் வரல. அதுக்குள்ள கிளம்பினா எப்படி?" என்றாள் ஹெஸ்டர்.

பாதை பிரியும் இடத்தில் உட்கார்ந்திருந்த க்ளைவ், அவள் தாண்டிப் போனதும்தான் மரக்கட்டையை விட்டு எழுந்திருந்தார். அவள் பேச்சைக் கேட்டுச் சிரித்தார். "நல்லா கேட்டீங்க போங்க. உக்காந்து உக்காந்து கால் மரத்துப் போச்சு. வாங்க, மழை வருது."

"நீங்க போங்க. நான் இங்க இருக்கேன்."

"ஓ." க்ளைவின் முகம் சிவந்தது. புதர்களை ஒரு தரம் பார்த்துவிட்டு அவசரமாகக் கண்ணைத் திருப்பிக்கொண்டார். "சரி, சரி. ஒதுங்கிட்டு மெதுவா வாங்க." வலப்பக்கப் பாதையில் வேகமாக நடந்து பைன் மரங்களுக்குள் மறைந்தார்.

பொறுப்பில்லாத மனிதர் என்று நினைத்துக்கொண்டாள் ஹெஸ்டர். பாதை பிரிகிற இடத்திலெல்லாம் ஒருவரை நிறுத்திவிட்டுத்தான் நடைக்குழுவின் தலைவி மோரா கூட்டத்தை மேலே நடத்திப் போவாள். நிற்பவர் பின்னால் வருகிறவர்களுக்கு வழி காட்ட வேண்டும். பையில் ஆரஞ்சுத் துணி கட்டிய கடைசி ஆள் கடந்து போன பிறகுதான் அவர் இடத்தை விட்டு நகரலாம்.

இருபது வருடமாக அந்தக் கடைசி ஆள் அவள் கணவர் டெஸ்மண்ட்.

குளிர்காலத்தில் அவருக்கு இதய ஆபரேஷன் நடந்தது. அதற்குப் பிறகு இதுதான் முதல் நடை. இன்றும் கடைசி ஆளாகத்தான் வருவேன் என்றார். காலையில் இதை வைத்துத்தான் சண்டை.

"நடுவுல நடக்கிறவன் விழுந்தா பத்துப் பேர் பார்ப்பாங்க. கடைசில வர்றவன் விழுந்தா யார் பார்ப்பா?"

"சுலபமான நடைன்னு நோட்டீஸ்ல போட்டிருக்கு, ஹெஸ்டர். ஏத்தம் கிடையாது, வேலி தாண்ட வேண்டாம். நாய்க்குட்டிகூட நடந்துடும்."

"நாய்க்குட்டிக்கு யாரும் நெஞ்சைக் கிழிச்சுத் தைக்கல."

காரில் வரும்போது இருவரும் வாயே திறக்கவில்லை. கார்களை நிறுத்தும் இடத்தில் டெஸ்மண்ட் அவள் பின்னால் வந்து, முதுகுப்பையின் வாரை இழுத்து ஏதோ சரிசெய்தார். மன்னிப்புக் கேட்க அவருக்குத் தெரிந்த வழி அதுதான். ஹெஸ்டர் திரும்பவில்லை. வாயைத் திறந்து சொல்லட்டும் என்று தலையைக் குனிந்தபடி நடந்தாள். புதர்வெளி முழுக்க, ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

இப்போது பார்த்தாள். வந்த பாதையில் யாரும் இல்லை.

கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். மழை பிடித்துக்கொண்டது. போனை எடுத்தால் சிக்னல் இல்லை. இடத்தை விட்டுப் போகக் கூடாது என்பது விதி. போகாமல் இருந்தால் அவர் எங்கே கிடக்கிறாரோ.

கீழே கிடந்த குச்சிகளைப் பொறுக்கி, வலப்பக்கம் காட்டும் அம்புக்குறி போல மண்ணில் அடுக்கினாள். அப்புறம் வந்த வழியே ஓடினாள்.

காடு முடிந்து வெளி தொடங்கும் இடத்தில் பனிமூட்டம் இறங்கியிருந்தது. புதர்களின் ஊதா நிறப் பூக்கள் எல்லாம் சாம்பல் நிறமாகத் தெரிந்தன. "டெஸ்மண்ட்" என்று கூப்பிட்டாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டாள்.

பாதை ஓரப் பெரணிச் செடிகளுக்குள் பழுப்பாக ஏதோ கிடந்தது. அவர் கோட்டின் நிறம். "எழுந்திரு, எழுந்திரு" என்று சொல்லிக்கொண்டே முட்புதரைக் கையால் விலக்கிக்கொண்டு போனாள்.

அது எழுந்தது. காட்டுக் குதிரை. அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு நடந்து போனது.

ஹெஸ்டர் அங்கேயே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டாள். உள்ளங்கை முழுவதும் ரத்தம். கடைசில வர்றவன் விழுந்தா யார் பார்ப்பா. தன் வாயால் சொன்னது. ஒரு தடவை திரும்பியிருக்கலாம். ஒரே ஒரு தடவை. அவர் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கத்தினாள். பனியில் எந்தப் பக்கத்திலிருந்தும் பதில் இல்லை.

"ஹெஸ்டர்!"

குரல் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. கூட்டம் போன திசை. காட்டுக்குள்ளிருந்து டெஸ்மண்ட் மூச்சு வாங்க வந்துகொண்டிருந்தார்.

அவள் எழுந்து ஓடி அவர் கோட்டைப் பிடித்து உலுக்கினாள். நெஞ்சுத் தையல் ஞாபகம் வந்து கையை எடுத்தாள். "எங்க போயிருந்த? முன்னாடியிருந்து எப்படி வர்ற? க்ளைவ் பாட்டுக்குப் போயிட்டாரு. நான் அங்கேயே நிக்கிறேன், கடைசி ஆள் வரவே இல்ல…"

"மோராவும் அதையே சொல்லித்தான் அங்க அழுதுட்டு நிக்கிறா. எல்லாரும் வந்துட்டாங்க, கடைசி ஆளை மட்டும் காணோமாம்."

"நீ இங்க இருக்கியே."

டெஸ்மண்ட் அவள் தோளைப் பிடித்து மெதுவாகத் திருப்பினார். அவள் முதுகுப்பையில் எதையோ அவிழ்த்தார். நனைந்துபோன ஆரஞ்சுத் துணியை ரத்தம் கசிந்த அவள் கையில் வைத்தார்.

"நீ சொன்னதைக் கேட்டு, காலையிலேயே உன் பைல கட்டிட்டேனே."