இருபதாவது தாடை

என் மனைவி இளவேனி இறந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. அவளுடைய எக்ஸ்ரே படங்களை நோய் சொல்லும் இயந்திரத்துக்குக் கொடுக்கச் சம்மதித்துக் கையெழுத்துப் போட வரும்படி பல் மருத்துவமனையிலிருந்து அழைத்தார்கள்.

ஒரே நோய்க்கு இருபது பேரின் படங்கள் சேர்ந்தால்தான் இயந்திரம் அதன் பெயரைச் சொல்லும். இயந்திரம் சொல்லாமல் எந்த டாக்டரும் சதையெடுத்துச் சோதிக்க முடியாது. இளவேனியின் தாடை வீக்கத்தை மூன்று முறை படம் எடுத்தபோதும் கடைவாய்ப்பல் கோளாறு என்றது. நோய் முற்றி அறுத்தபோதுதான் புற்று என்று தெரிந்தது.

“உங்க வீட்டம்மாவோடது இருபதாவது, சார்,” என்றார் டெக்னீசியன் ஜெசிந்தா. “இனிமே வர்றவங்களுக்குக் கண்டுபிடிச்சிரும்.”

“முன்னாடி பத்தொன்பது பேர்?”

“அவங்க வீட்லயும் இப்படித்தான் வந்து போட்டுக் குடுத்தாங்க.”

வெளியே ஒரு பெண் வீங்கிய கன்னத்தைப் பிடித்தபடி காத்திருந்தாள். கையெழுத்திட்டேன்.

இயந்திரம் பழைய படங்களை மறுபடி படித்தது. இளவேனியின் முதல் படத்தில் நின்றது. திரையில் எழுத்துகள் வந்தன: ‘தாடை எலும்பில் அரிய வகைப் புற்று. ஆரம்ப நிலை. குணப்படுத்தலாம். சோதனைக்கு நாளை காலை வருகிறீர்களா, மாலையா?’

ஜெசிந்தா எதையெதையோ தட்டிப் பார்த்தார்.

“ரெண்டுல ஒண்ணை அமுக்காம அடுத்த ஆளைப் பாக்க விடாது, சார்.”

காலை என்பதை அமுக்கினேன்.